இரண்டு வாத்துக் காமிரா

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. காலையில் குடித்த கஞ்சி எப்போதோ காற்றாகிப் போயிருந்தது. தோவான் கல்யாணப் பந்தலின் ஓரத்தில் பியர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் ஆட்டுக்கறி தின்பதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். படம் எடுக்கிறவனுக்குக் கடைசிப் பந்தி. கடைசிப் பந்திக்கு ஆட்டின் எலும்பு வரும், ஆடு வராது.

அந்த நேரத்தில்தான் மூய் பெரியம்மா பல்குச்சியோடு எதிரில் வந்து நின்றாள். நிஞ் பிஞ் மலையடிவாரத்தில் பாதிக் கல்குவாரி அவள் புருஷனுடையது. புருஷன் முழுக்க அவளுடையவன். தோவானின் கழுத்தில் தொங்கியதை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"காமிரா இவ்வளவுதானா தம்பி? மிச்சத்தை வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?"

பக்கத்து மேசை, வாயில் கறியை வைத்துக்கொண்டே சிரித்தது.

தோவான் பொறுமையாக விளக்கினான். இது மிரர்லெஸ், உள்ளே கண்ணாடி வைக்காத ரகம். கைக்கு அடக்கமாக இருக்கும். இப்போது உலகமே இப்படிச் சின்னதாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. உலகம் எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றாள் மூய். அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஹனோய். அவர்கள் முன்னால் மானம் போகக் கூடாது. குயெத்திடம் பெரிய காமிரா இருக்கிறது, அதற்கு ஃபுல் ஃப்ரேம் என்று பேராம்.

"ஆனா குயெத் எடுத்தா எனக்கு ரெண்டு தாடை தெரியுது. நீ எடுத்தா ஒண்ணுதான். அதனாலதான் உன்கிட்ட வந்து நிக்கறேன். இந்தத் தீப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் வீட்டு வாசலுக்கு வராதே. ஃபுல் ஃப்ரேம் வாங்கு. வாங்கலைன்னா நான் ரெண்டு தாடையோட இருந்துட்டுப் போறேன்."

மூய் வீட்டுக் கல்யாணம் கிடைத்தால் குவாரி வட்டாரம் முழுக்கப் பின்னால் வரும். கிடைக்காவிட்டால் கல் அறுக்கப் போக வேண்டியதுதான். இந்த முகூர்த்தக் காலத்தில் தொழில் சூடு பிடிக்கவில்லையென்றால் காமிராவைப் பரணில் போட்டுவிட்டு மைத்துனனோடு கல் பட்டறைக்குப் போவதாக மனைவி லியூவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அப்பா அந்தக் கல்தூசியைத் தின்றுதான் இருமி இருமிச் செத்தார். இளவயதில் கல் சுமந்த தழும்பு தோவானின் தோளில் இன்னும் இருந்தது. தழும்பு போடாத சுமை என்பதற்காகவே அவனுக்குக் காமிரா பிடித்துப் போனது. கலை கிலை எல்லாம் அப்புறம் ஒட்டிக்கொண்டது.

குயெத்தைப் போய்ப் பார்த்தான். தொழிலில் எதிரிதான். ஆனால் அந்த வட்டாரத்தில் ஃபுல் ஃப்ரேம் வைத்திருந்த ஒரே ஆள் அவன். வீட்டுக்கு வந்தவனுக்குத் தேநீர் போட்டால் இலையை எண்ணிப் போடுகிற ரகம்; அறிவுரையில் மட்டும் தாராளம். ஃபுல் ஃப்ரேம் என்றால் உள்ளே படம் விழுகிற சென்சார் தகடு பெரிசு, அதில் வெளிச்சம் காலை நீட்டிப் படுக்கும், சின்னக் காமிராவில் வெளிச்சம் திருவிழாப் பேருந்தில் தொங்குகிற மாதிரி தொங்கும் என்றான். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் பெண்ணின் படத்தைக் காட்டினான்.

"பின்னால இருக்கற மரமெல்லாம் எப்படிக் கரையுது பாரு. உன் காமிராவுல தலைகீழா நின்னாலும் இது வராது."

தோவான் பார்த்தான். மரங்கள் கரைந்துதான் இருந்தன.

"ஒரே ஒரு தடவை கையில வச்சுப் பாத்துக்கட்டுமாண்ணே?"

"கை ஈரம் ஆகாது தம்பி. சென்சார் உறிஞ்சிடும்."

சொல்லிவிட்டுக் காமிராவை மார்போடு அணைத்துக்கொண்டான். குயெத் எப்போதும் அப்படித்தான். தூறல் போட்டால் தான் நனைந்து அதற்கு பிளாஸ்டிக் உறை மாட்டுவான். ஊதுபத்திப் பக்கம்கூடக் கொண்டுபோக மாட்டான். அவ்வளவு பெரிய சாமானை இரண்டு விரலில் தூக்குவான். எல்லாம் பழக்கம் என்று தோவான் நினைத்துக்கொண்டான். கல் சுமக்கிறவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. பாறையைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடுவார்கள்.

ஹனோய்க்குப் போய்க் கடைகடையாக ஏறி இறங்கினான். கடைசியில் இரண்டு காமிராக்களில் வந்து நின்றது. ஒன்றுக்குக் குண்டன் என்றும் மற்றதற்கு ஒல்லி என்றும் மனதுக்குள் பேர் வைத்துக்கொண்டான். குண்டன் இருட்டில் பார்க்கும், கையில் நிற்கும், கழுத்தை ஒடிக்கும். ஒல்லி எதிரில் நிற்கிறவரின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், இலேசு. ஆனால் மோதிரம் மாற்றுவதற்குள் அதன் பாட்டரி செத்துப்போகும். இரண்டுக்கும் அவனுடைய பழைய லென்சுகள் பொருந்தாது. வீம்புக்கு மாட்டினால் படத்தின் நான்கு மூலையும் கறுத்துப்போகும், இல்லையென்றால் காமிராவே ஓரத்தையெல்லாம் வெட்டிவிட்டுச் சின்னப் படமாகக் கொடுக்கும் என்றான் கடைக்காரன். சின்னப் படம் எடுக்க என்னிடம் சின்னக் காமிரா இருக்கிறதே என்றான் தோவான். அதற்குத்தான் புது லென்சும் சேர்த்து வாங்க வேண்டும் என்றான் கடைக்காரன். லென்சின் விலையைச் சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

லியூ கணக்குப் பார்த்தாள். வளர்க்கிற பன்றிகளை எல்லாம் விற்றால் காமிராவின் உடம்பு வரும். கண் வராது.

"குருட்டுக் காமிராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டா போகப்போறீங்க?" என்றாள். "முதல்ல எந்தக் காமிரான்னாவது முடிவு பண்ணுங்க. அப்புறம் பன்றியைப் பத்திப் பேசுவோம்."

அதுதான் முடியவில்லை. காலையில் குண்டன் ஜெயித்தால் சாயங்காலம் ஒல்லி ஜெயித்தது. இதற்கிடையில் அப்பாவின் திதி வந்தது. அவித்த கோழி, பசையரிசிச் சோறு, அரிசிச் சாராயம் எல்லாம் பூசைமாடத்தில் வைத்தபின் தோவான் காசுத் தட்டை எடுத்தான். ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவிய இரண்டு செப்புக் காசுகள். ஒன்று வெள்ளை ஒன்று கறுப்பாக விழுந்தால் பெரியவர் சம்மதம். இரண்டும் கறுப்பென்றால் மறுப்பு. இரண்டும் வெள்ளையென்றால் பெரியவர் சிரிக்கிறார், பதில் கிடையாது.

குண்டனா என்று கேட்டுப் போட்டான். அப்பா சிரித்தார். ஒல்லியா என்று கேட்டான். அதற்கும் சிரித்தார். விளையாடாதீர்கள் அப்பா, பிழைப்பு என்று கெஞ்சி மறுபடி குண்டனைச் சொன்னான். பல் தெரியச் சிரித்தார்.

"உசுரோட இருக்கும்போதே உங்க தொழிலைப் பாத்து அப்படித்தானே சிரிச்சாரு," என்றாள் லியூ. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பதற்குக் கூலியா என்று மாமனார் கேட்டது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. "அவருக்குக் காமிராவைப் பத்தி என்ன தெரியும்? சாமானைக் கையில குடுத்தாத்தானே நல்லது கெட்டது சொல்லுவாரு."

கிண்டலாகத்தான் சொன்னாள். தோவான் அதைப் பிடித்துக்கொண்டான். சரிதானே. எரித்தது செத்தவர்களிடம் போய்ச் சேரும் என்பது ஊர் நம்பிக்கை. காகிதத்தில் செய்து எரித்து அனுப்பினால் அப்பா அங்கே கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறார்.

செத்தவர்களுக்குச் சாமான் செய்கிறவர் பாங் சித்தப்பா. காகித வீடு, காகித மோட்டார் சைக்கிள், காகிதக் கைப்பேசி எல்லாம் அவர் கடையில் உண்டு. ஒரு குவாரி முதலாளி செத்தபோது மண் அள்ளும் எந்திரமே செய்து கொடுத்தார், டிரைவரையும் சேர்த்து. கூலி காசாக வாங்க மாட்டார், வாத்தாகத்தான் வாங்குவார். காசென்றால் பெண்டாட்டி பிடுங்கிக்கொள்வாள். வாத்தென்றால் அவளே சமைத்து எதிரில் வைப்பாள்.

தோவான் இரண்டு காமிராவையும் நாலு பக்கமும் வரைந்து, அளவெல்லாம் போட்டு எடுத்துப் போயிருந்தான். பாங் அந்தத் தாளை வாங்கித் தன் சாராயக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஃபுல் ஃப்ரேம்தானே? வியாழக்கிழமை வா. ரெண்டு வாத்து."

வியாழக்கிழமை போன தோவான் காமிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கனத்த அட்டையில் கறுப்பு மெருகு. பிடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தார். லென்சுக்கு பாட்டிலின் அடிக்கண்ணாடி. பொத்தான்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. எங்காவது படத்தில் பார்த்திருப்பார் என்று நினைத்தான். குண்டனை மட்டும்தான் செய்திருந்தார். "உங்கப்பா அங்க சும்மாத்தானே இருக்காரு, தூக்கட்டும்," என்றார். தோவான் வாத்துகளை அங்கேயே கொடுத்துவிட்டான்.

பையில் வைத்தால் நசுங்கும் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியில் வந்தான். ஆற்றுப் பாலத்தில் ஒரு கார் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடி இறங்கியது. மூய் பெரியம்மா. அவள் பார்வை அவன் முகத்துக்கு வரவே இல்லை, நெஞ்சோடு நின்றுவிட்டது.

"வாங்கிட்டியா," என்றாள். குரலில் ஒரு மரியாதை இருந்தது. "கல்யாணம் உனக்குத்தான். குயெத்துகிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்."

இது எங்கப்பாவுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.

வீட்டில் லியூ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபின் கத்தரிக்கோலை எடுத்தாள். பாட்டில் கண்ணாடி இருந்த இடத்தில் வட்டமாக வெட்டி, பின்பக்கம் ஒரு சன்னல் திறந்து, பழைய சின்னக் காமிராவை உள்ளே நுழைத்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. மேல் பொத்தானை அழுத்தினால் உள் பொத்தான் அழுந்தியது.

"காமிரா முழுகாம இருக்கு," என்றாள் லியூ. "ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போயிட்டு வாங்க." அப்பாவுக்குக் கல்யாணம் முடிந்ததும் அனுப்பிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே தூறல். அட்டை ஊறினால் பிழைப்பு ஊறிவிடும். தோவான் மேல்கோட்டைக் கழற்றிக் காமிராவுக்குப் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டினான். மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர், தன்னிடமும் ஒன்று இருக்கிறது, கொடு பார்க்கலாம் என்று கையை நீட்டினார். தோவானுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"கை ஈரம் ஆகாதுங்க. சென்சார் உறிஞ்சிடும்."

மாமா பயந்து கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

குயெத் விருந்தாளியாக வந்திருந்தான், கழுத்தில் தன் காமிராவோடு. தோவானின் காமிராவைத் தூரத்திலிருந்து பார்த்தான். கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தான். பிடியில் ஒட்டியிருந்த ரப்பரைப் பார்த்தபோது அவன் முகம் செத்துப்போயிற்று. பந்தலின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். பொறாமை. தோவானுக்குக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் மூதாதையர் முன்னால் கும்பிட்டு முடிந்ததும் முதல் பந்தி போட்டார்கள். தோவான் வழக்கம்போல அதுவரை எடுத்த படங்கள் இருந்த மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு கார்டு மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். மூய் அவன் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள். ஃபுல் ஃப்ரேம் வைத்திருக்கிறவன் கடைசிப் பந்தியில் சாப்பிட்டால் அவளுக்கு அவமானமாம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் தட்டில் ஆடு வந்தது. ஆட்டுக்கொழுப்பு காகிதத்தில் பட்டால் படர்ந்துவிடும் என்று காமிராவைக் கழற்றிப் பின்னால் இருந்த முக்காலியில் வைத்தான். முக்காலியை ஒட்டித்தான், பெண்ணின் செத்துப்போன தாத்தாவுக்கு எரிக்க வேண்டிய காகிதப் பணமும் காகிதக் கோட்டும் காகித மோட்டார் சைக்கிளும் அடுக்கியிருந்தன. எல்லாம் பாங் கடைச் சரக்கு.

எரிக்கிற பொறுப்பு மூய்யின் கொழுந்தன் லாக்குக்கு. அவன் விடிந்ததிலிருந்து குடித்துக்கொண்டிருந்தான். அள்ளிக்கொண்டு போக வந்தவன் முக்காலியில் இருந்த காமிராவைப் பார்த்தான், தொட்டுப் பார்த்தான். அப்பாவுக்கு வாங்கின சாமானை இப்படியா தனியாகப் போட்டு வைப்பது என்று முணுமுணுத்தபடி அதையும் அடுக்கின் உச்சியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான்.

முதல் கவளம் வாய்க்குள் போனபோது தோவானுக்கு பிளாஸ்டிக் தீயும் வாசனை வந்தது. திரும்பினான். முக்காலி காலியாக இருந்தது.

அவன் முற்றத்துக்கு ஓடியபோது குண்டன் மத்தாப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. மூய் கொழுந்தனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவு விலையுள்ள காமிராவைத் தீயில போட்டியேடா பாவி."

"காகிதம் அண்ணி," என்றான் லாக். குடித்திருந்தாலும் கை சொன்னதை மறக்கவில்லை. "தொட்டுப் பாத்தேன். சத்தியமா காகிதம்தான்."

எல்லோரும் தோவானைப் பார்த்தார்கள். மூய்யும் பார்த்தாள்; சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தோவானுக்கு வாயில் இருந்த கறி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பட்டறையின் கல்தூசி மூக்கில் ஏறுகிற மாதிரி இருந்தது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து குயெத்தின் குரல் வந்தது.

"ஃபுல் ஃப்ரேம் தொட்டா காகிதம் மாதிரித்தான் இருக்கும் பெரியம்மா. வெளிநாட்டு உலோகம். விலை ஏற ஏற எடை குறையும்."

லாக் விடவில்லை. ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறி, கருகி உருகின சின்னக் கட்டி ஒன்றை வெளியே இழுத்தான். அவ்வளவு பெரிய காமிரா இத்தனூண்டாக எப்படி ஆகும் என்று கேட்டான். நியாயமான கேள்வி. தோவானே அதைக் கேட்டிருப்பான்.

"சூட்டுல சுருங்கும்," என்றான் குயெத்.

மூய் யோசித்தாள். "ஆட்டுக்கறியே சுருங்குது," என்று சொல்லிவிட்டுக் கொழுந்தனின் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தோவானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுத் தீயில போச்சு, எங்க வீட்டுக் காசுல வரும். எந்தக் காமிரா வேணும்னு தேர்ந்தெடுத்துச் சொல்லு, லென்சோட வாங்கித் தர்றேன்."

மீதிக் கல்யாணத்துக்குக் குயெத்தின் காமிராவைத் தோவானுக்குக் கொடுக்கச் சொன்னாள். குயெத் தீயிலிருந்து இன்னும் நாலடி பின்னால் போனான். இரவல் எல்லாம் வேண்டாம், தானே எடுத்துக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம், படம் தோவான் பேரிலேயே போகட்டும் என்றான். சொன்னபடி எடுத்தும் கொடுத்தான். அந்தப் பாதியில் மூய்க்கு இரண்டு தாடை. ஆனாலும் அவள் குறை சொல்லவில்லை.

அன்றிலிருந்து தோவானுக்குச் சோறு இறங்கவில்லை. எந்தக் காமிரா என்று மூய் தினமும் காலையில் ஆள் அனுப்பிக் கேட்டாள். உண்மையைச் சொன்னால் குவாரிக் கல்யாணங்கள் போகும். சின்னக் காமிராவும் இல்லாததால் கல் அறுப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. சொல்லாவிட்டால் ஒரு பொம்மைக்கு நிஜக் காமிரா வாங்கின களவு. எதற்கும் கேட்போம் என்று அப்பாவின் முன்னால் காசைப் போட்டான். அவர் சிரித்தார்.

அப்பாவுக்குச் சொன்ன காமிராவையாவது முதலில் அனுப்பிவிடலாம் என்று, இரண்டு வாத்துகளைக் காலைக் கட்டி எடுத்துக்கொண்டு பாங் கடைக்குப் போனான். மனசு தாங்காமல் நடந்ததையெல்லாம் கொட்டினான். பாங் அட்டையை வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னுதான் தோணுது சித்தப்பா. ஆனா சொன்னா குயெத் அண்ணனில்ல பொய்யனாயிடுவாரு. அவரை நான் எவ்வளவு தப்பா நினைச்சிருந்தேன். நான் தொழில்ல எதிரி. பேசாம இருந்திருந்தா நான் ஒழிஞ்சிருப்பேன். ஊர் முன்னால எனக்காகப் பொய் சொன்ன மனுஷன். அவரைக் காட்டிக்குடுக்க மனசு வரலை."

பாங் கத்தரியைக் கீழே வைத்தார். வாத்துகளை வாங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்தார். மேசைக் காலில் கட்டினார்.

"நீ ஒழுங்கானவன், கையோட கொண்டுவந்துடறே," என்றார். "குயெத் அவன் காமிராவை எடுத்துட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சு. ரெண்டு வாத்து இன்னும் பாக்கி."